கார்மென் ஹெரேரா ஓவியத்துல ரெண்டு கலர் தானே இருக்கு, அப்படி என்ன விசேஷம்?

"கியூபாவுல பொறந்து நியூயார்க்ல வாழ்ந்த ஓவியர் கார்மென் ஹெரேரா 89 வயசுல முதல் ஓவியத்தை வித்தாங்க, சரி, ஆனா ஓவியத்துல என்ன இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி. அந்த 89ங்கிற நம்பரையே எல்லாரும் சொல்லிட்டிருக்காங்க, ஓவியத்தைப் பத்தி யாரும் பேசறதில்லைன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், அதனால நேரா அங்கயே வர்றேன்.

1959ல இருந்து 1971 வரைக்கும் 'பிளாங்கோ இ வெர்தே'ன்னு வெள்ளை, பச்சை ரெண்டையே வச்சு ஒரு ஓவிய வரிசை பண்ணாங்க. அதுல 1959ல வரைஞ்ச ஒண்ணு நியூயார்க் விட்னி மியூசியத்துல இருக்கு. ரெண்டு கேன்வாஸை ஒட்டி வச்சு, முழுக்க வெள்ளை அடிச்சு, ஒல்லியா கூர்மையா பச்சை முக்கோணங்கள். ரெண்டு கேன்வாஸும் சேர்ற இடுக்கே ஒரு கோடாயிடுது, அதை அவங்க வரையவே இல்ல பாருங்க! இந்த வரிசையில சிலதுல பெயின்ட் கேன்வாஸ் ஓரத்துலயும் திரும்பிப் போகும், அதனால சுவத்துல மாட்டின படம் மாதிரி இல்லாம ஒரு பொருளாவே நிக்கும். போன்ல போட்டோ பாத்தா இது தெரியாது, அதான் 'வெறும் ரெண்டு கலர்'னு தோணுது. முதல்ல பேப்பர்ல அளவெடுத்து வரைஞ்சு, அப்புறம் டேப் ஒட்டி பெயின்ட் பண்றது அவங்க வழக்கம். இவ்ளோ கொஞ்சமா வச்சு வரையும்போது முனை லேசா நகந்தாகூட மொத்தமும் போச்சு, மறைக்கறதுக்கு வேற ஒண்ணுமே இல்ல.

இந்தக் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, அவங்க 1915ல கியூபா தலைநகர் ஹவானாவுல பொறந்து அங்கயே ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க. அரசியல் கலவரத்துல படிப்பு பாதியில நின்னுடுச்சு, 1939ல ஜெஸ்ஸி லோவென்தால்ங்கிற இங்கிலீஷ் வாத்தியாரைக் கல்யாணம் பண்ணி நியூயார்க் போனாங்க. 1948ல இருந்து சில வருஷம் பாரிஸ், அங்கதான் தேவையில்லாததை எல்லாம் கழிச்சுக் கழிச்சு இந்த பாணிக்கு வந்தாங்க.

திரும்பி நியூயார்க் வந்தா, கேலரி நடத்தின ஒரு பொண்ணே 'நீ நல்லா வரையற, ஆனா பொம்பளைங்கிறதால ஷோ தர மாட்டேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அதே காலத்துல இதே மாதிரி நறுக்குன்னு வரைஞ்ச எல்ஸ்வொர்த் கெல்லி, ஃபிராங்க் ஸ்டெல்லா மாதிரி ஆம்பளை ஓவியர்களுக்கெல்லாம் பேர் வந்துடுச்சு. அதனால இதை 'பொறுமைக்குப் பரிசு'ன்னு சொல்றதை என்னால ஒத்துக்கவே முடியல, கதவைச் சாத்தினவங்க இருக்காங்க இல்லையா. வாத்தியார் சம்பளத்துல குடும்பத்தை ஓட்டி, 'நீ வரை'ன்னு கூடவே நின்ன ஜெஸ்ஸி 2000ல இறந்துட்டாரு, முதல் விற்பனை 2004ல.

அப்புறம் எல்லாம் வந்துச்சு, 2016ல விட்னியில பெரிய ஷோ, 2022ல 106 வயசுல இறந்தாங்க. நீங்க அடுத்து 1975-78ல வாரத்தோட ஏழு நாளுக்கும் ஒண்ணொண்ணா, கறுப்போட வேற வேற கலர் சேத்து வரைஞ்ச வரிசையைத் தேடிப் பாருங்க, முக்கியமா நீலத்துல இருக்கிற 'புளூ மண்டே'.