மகளுக்குச் சொல்லக் கதையே வரவில்லை என்றவருக்கு

முழுக் கதையை யோசிக்காதீர்கள். இன்று நடந்த ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். பால் பாக்கெட் போட இன்று அண்ணன் வரவில்லை, காண்டாமிருகம் வந்தது. அது காலிங் பெல்லை எப்படி அடிக்கும்? அதை மகளிடமே கேளுங்கள். மீதியை அவளே இழுத்துக்கொண்டு போவாள். (நாளைக்கும் அதே கதைதான் வேண்டும் என்பாள், தயாராக இருங்கள்.)

'சின்ன வயதில் கதை கதையாக அளப்பேன், 38 வயதில் மண்டை காலி' என்கிறீர்கள். கற்பனை வற்றியிருக்காது. பகல் முழுக்க ஆடிட் ஆபீஸில் தப்பு தேடுகிற மனசு, ராத்திரியும் அதையே செய்கிறது என்று நினைக்கிறேன். முதல் வரி வாய்க்கு வருமுன்பே 'இதில் லாஜிக் இல்லையே' என்று அடித்துவிடுகிறது.

ஒரு சோதனை: கண்ணை மூடி, காலையில் சாப்பிட்ட தட்டை நினையுங்கள். சட்னியின் நிறம் தெரிகிறதா? 1880இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். தெரிந்தால் சட்னியை நீலமாக்கிப் பாருங்கள். அது முடிந்தால் கதை சொல்லவும் முடியும்.

ஒன்றுமே தெரியாவிட்டாலும் பயம் வேண்டாம். சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது. 2015இல் நரம்பியல் நிபுணர் ஆடம் ஜீமன் குழுவினர் அதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். நோய் அல்ல. பிக்ஸார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மலுக்கே அப்படித்தான்.

ஆனால் மனக்கண்ணில் முன்பு வந்த படம் திடீரென்று நின்றுபோயிருந்தாலோ, கதை மட்டுமல்ல, எதிலுமே வாரக்கணக்கில் ஈடுபாடு இல்லை என்றாலோ, டாக்டரைப் பாருங்கள்.