ஃப்ளாப்பியின் மறுபக்கம்

வணக்கம் ஐயா,

அப்பாவின் பெட்டியில் பழைய 5.25 அங்குல ஃப்ளாப்பிகள் கிடைத்தன. ஒருபக்க டிஸ்க் என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆனால் உறையின் இன்னொரு ஓரத்திலும் வெட்டுப் போட்டு, திருப்பிச் செருகி எழுதியிருக்கிறார். மறுபக்கத்தை நம்பக்கூடாது என்கிறார்களே, உண்மையா? ஒரு டிஸ்க் பிழை காட்டுகிறது. எத்தனை முறை செருகியும் பலனில்லை.

கே.

அன்புள்ள கே.,

சில நாட்களாக இதே நினைப்பில்தான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோது மேஜையில் ஒரு ட்ரைவைப் பிரித்து வைத்திருந்தேன்.

மறுபக்கத்திலும் காந்தப் பூச்சு உண்டு. விற்றவர் ஒரு பக்கத்துக்குத்தான் உத்தரவாதம் தந்தார், அவ்வளவுதான். திருப்பினால் டிஸ்க் எதிர்த்திசையில் சுழலும், உள்துணியில் சிக்கிய தூசு வெளியே வரும் என்று அன்று பயமுறுத்தினார்கள். இத்தனை வருடம் கழித்து அந்தப் பேச்சு எதற்கு? விடுங்கள்.

அந்த வெட்டு இருக்கிறதே, அது இருந்தால்தான் ட்ரைவ் எழுத விடும்; அதை நானும் போட்டிருக்கிறேன். ஒரு டிஸ்க்கின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் குறித்து, உள்ளே இருக்கும் தகட்டில் படாமல் வெட்ட வேண்டும். அந்தக் காலத்துக் கமடோர் 64 கணினியின் 1541 ட்ரைவுக்குப் படிக்கும் ஹெட் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் சுமார் 170 கிலோபைட். திருப்பினால் இன்னொரு 170. உங்கள் அப்பா கவனமான மனிதராக இருந்திருப்பார்.

நீங்கள்தான் அப்படி இல்லை. பிழை காட்டிய டிஸ்க்கைத் திரும்பத் திரும்பச் செருகுவதா? ஃப்ளாப்பியில் ஹெட் பூச்சைத் தொட்டுக்கொண்டேதான் ஓடும். பூச்சு தளர்ந்திருந்தால் பெயர்ந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அப்புறம் அந்த அழுக்கே மிச்சத்தைச் சுரண்டும். அடுத்துச் செருகும் நல்ல டிஸ்க்கையும் விடாது. ஒற்றை ஹெட் ட்ரைவில் எதிர்ப்புறம் ஒரு ஃபெல்ட் துண்டு அழுத்திக்கொண்டிருக்கும். அதில் அழுக்கிருந்தால் நீங்கள் படிக்காத பக்கமும் சேர்ந்து தேயும். மறுபக்கத்துக்கு நிஜமான ஆபத்து இதுதான்!

டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்து, நீள்வட்டத் திறப்பு வழியாகத் தகட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். பளபளவென்று மெல்லிய வளையம் தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது. இனி அதைச் செருகாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் மறுபடி துடையுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கு முன்பும் இதைச் செய்யுங்கள், சோம்பல் வேண்டாம். இரண்டு வெட்டுகளையும் டேப்பால் மூடுங்கள்; தவறியும் எதுவும் எழுதப்படாது.

பிசி ட்ரைவில் செருகினீர்களா? சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் இன்டெக்ஸ் துளை, டிஸ்க்கைக் கவிழ்த்தால் அந்த ட்ரைவின் சென்சாருக்கு நேரே வராது. டிஸ்க் நன்றாக இருந்தாலும் பிழை வரலாம்.

முக்கியமில்லாத டிஸ்க்கில் தொடங்கி, பழைய ஃப்ளாப்பிகளைக் கணினிக்குள் படியெடுக்க உதவும் கிரீஸ்வீசல் மாதிரி ஒரு கருவியால் இரண்டு பக்கத்தையும் அப்படியே பிரதி எடுங்கள். அப்பாவின் கையெழுத்து உள்ளவை கடைசியில். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.