நல்ல ராஜா கிடைத்தால் குடியரசு எதற்கு?

காரைக்காலில் எங்கள் வாசகர் வட்டத்தில் பிரெஞ்சுப் புரட்சி பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (கும்பகோணம்): சார், 1789-இலேயே மன்னர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களா?

இல்லை. அப்போது நடந்த வாதமெல்லாம் மன்னருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதுதான். மன்னர் கை வலுவாக இருந்தால்தான் மக்கள் பிரதிநிதிகளின் சபை தன் இஷ்டத்துக்கு ஆடாது என்றார் அந்தச் சபையின் பெரிய பேச்சாளரான மிராபோ. 1791 ஜூனில் பதினாறாம் லூயி குடும்பத்தோடு தப்பி ஓடி வரேன் என்ற ஊரில் பிடிபட்டார். அப்புறம்தான் குடியரசுப் பேச்சு பலமாகக் கிளம்பியது.

கேள்வி (மன்னார்குடி, கல்லூரி மாணவி): மன்னர் வேண்டும் என்றவர்கள் பக்கம் நியாயமே இல்லையா ஐயா?

இருந்தது அம்மா. அந்த 1791 ஜூலையில் குடியரசுக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பெயினும், பிரெஞ்சு அரசியல்வாதி சியேயஸும் பத்திரிகையில் மோதினார்கள். சியேயஸ் அரண்மனை ஆள் இல்லை, பிரபுக்களின் சலுகைகளை எதிர்த்து எழுதியவர். அவரே, குடிமகனுக்கு முடியாட்சியில்தான் சுதந்திரம் அதிகம் என்றார். உச்சியில் முடிவெடுக்க ஒருவர் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பிறப்பால் வரும் பதவியோடு அறிவும் சேர்ந்து வராது என்பது பெயினின் வாதம். 1793-94 பயங்கர ஆட்சியில் மன்னர் இல்லாமலே ஆயிரக்கணக்கான தலைகள் விழுந்தன. அதனால் சியேயஸின் கவலையை ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி (திருவாரூர், விவசாயி): நல்ல ராஜா கிடைத்துவிட்டால்?

நம் ஊர்ப் பண்ணையை நினைத்துப் பாருங்கள் அண்ணே. நல்ல மிராசுதாரிடம் பண்ணையாள் ஒருநாளும் அடி வாங்காமல் இருந்திருக்கலாம். நாளைக்கு அவர் மனசு மாறினால்? கேட்க நாதி இல்லை. அடிக்காத நாளிலும் அந்த ஆள் அடிமைதான். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மிராசுதாரின் இரக்கத்தை நம்பி ஒருவர் வாழக்கூடாது என்பதால்தான். நான் குடியரசுப் பக்கம் நிற்பதற்குக் காரணமும் இதுதான். ராஜா நல்லவரா கெட்டவரா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

கேள்வி (சீர்காழி): நம் சோழர் காலக் குடவோலை குடியரசு இல்லையா?

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கும் ஊர்ச்சபைத் தேர்தல் அது. மேலே மன்னன் இருந்தான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தால், கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயரைத்தான் குடத்தில் போட்டார்கள். கணக்குக் காட்டாதவரை ஒதுக்கியது அருமையான விதி. பிரான்சும் அப்போது பெரிதாக மேலில்லை. 1791 அரசியலமைப்புச் சட்டப்படி மூன்று நாள் கூலி அளவுக்கு வரி கட்டிய ஆண்களுக்கே வாக்கு. ஏழையும் பெண்ணும் இரண்டு இடத்திலும் வெளியே.

கேள்வி (காரைக்கால்): மன்னரைக் கொன்றது சரியா?

தவறு என்பேன். 1792 செப்டம்பரிலேயே முடியாட்சியை ஒழித்தாகிவிட்டது. 1793 ஜனவரி 21-இல் தலையை வெட்ட அவசியமே இல்லை. குடியரசுக்காக வாதாடிய பெயினே, கொல்லாதீர்கள், அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சபையில் கெஞ்சினார். அந்த வருடக் கடைசியில் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): சியேயஸ் என்ன ஆனார்?

1799-இல் நெப்போலியனை ஆட்சிக்குக் கொண்டுவந்த சதியில் அவர் முக்கியப் பங்காளி. 1804-இல் நெப்போலியன் பேரரசராக முடிசூடிக்கொண்டார்.