பழைய லாரிகள் உண்மையிலேயே நம்பகமானவையா?

அந்தக் காலத்து நெடுந்தூர லாரிகள் இப்போதைய லாரிகளைவிட நம்பகமானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றி, தூத்துக்குடி, தென்காசி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரியில், பள்ளி விடுமுறை தோறும் அப்பாவுக்குக் கிளீனராகப் போனவன் நான். 1980-களில் நடந்தது. பழைய லாரி வழியில் நிற்கவே நிற்காது என்று யாராவது சொன்னால், அவர் அதில் ஏறியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயல்குடி தாண்டுவதற்குள் ஒரு டயர், தென்காசிக்குள் ஒரு ஃபேன் பெல்ட் என்பதெல்லாம் சாதாரணம். ஆனால் நின்ற இடத்திலேயே அதைக் கிளப்பிவிடலாம்.

டீசல் குழாயில் காற்றுப் புகுந்து இன்ஜின் அணைந்துவிடும். அப்பா டார்ச் பிடிக்க, நான் ஃபில்டர் மேலே இருக்கும் சிறு ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருப்பேன். முதலில் சோப்பு நுரைபோல வரும். நுரை அடங்கி டீசல் கம்பியாக வழியும்போது, "போதும்டா, முறுக்கு" என்பார். செல்ஃப் இரண்டு முறை இருமும், பிறகு கிளம்பிவிடும். கையெல்லாம் டீசல் நாற்றம்; அதோடுதான் பரோட்டா தின்றிருக்கிறேன்.

மலை ஏறும்போது வேறு வேலை. வண்டி முதல் கியரில் நடக்கும். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போட, நான் முக்கோணக் கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடப்பேன். பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் அப்பா இருக்கையைவிட்டு எழுந்து நின்றுதான் ஒடிப்பார்.

அன்று சாலையில் இரண்டே கட்சிதான்: பென்ஸ், லேலண்ட். டாடாவின் லாரி நிறுவனமான டெல்கோவுக்கும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுக்கும் 1954-இல் ஏற்பட்ட கூட்டு 1969-இல் முடிந்துவிட்டது. ஆனாலும் டாடா சின்னம் போட்ட 1210 மாடல் லாரியை எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகும் பென்ஸ் வண்டி என்றுதான் சொன்னார்கள். 12 என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, டன்னில். 10-ஐப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ குதிரைத்திறன். அந்த 12 டன்னுக்கு மேல் நாங்கள் எவ்வளவு ஏற்றினோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். எங்கள் வண்டி எந்தக் கட்சி என்றும் சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவீர்கள்.

எங்கள் கடற்கரையில் லாரிக்கு எமன் உப்புதான். மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸிஸ் என்ற அடிச்சட்டம், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, அதைப் பிடித்திருக்கும் யு போல்ட், பிரேக் குழாய் எல்லாவற்றையும் அரிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய இன்ஜின் ஆயிலைத் தூரிகையால் பூசுவது என் வேலை. அப்படியும் ஒரு மழைக்காலத்தில் மெயின் பட்டை ஒடிந்தது. பனைமரத் துண்டு ஒன்றை இடையில் கொடுத்துச் சங்கிலியால் கட்டி ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போதைய வண்டிகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எங்கள் லாரியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இன்ஜினைப் பிரித்தோம். இன்று அவ்வளவு சீக்கிரம் பிரிக்க வேண்டியதில்லை. பிரேக்கும் கேபினும் எவ்வளவோ மேல். ஆனால் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-க்குப் பிறகு வாங்கிய என் மச்சினன் வண்டி, ஒரு சென்சார் கோளாறால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை நாள் நின்றது. கணினியோடு மதுரையிலிருந்து ஆள் வரும்வரை கருவாட்டு மூட்டைகளோடு அவன் காத்துக்கிடந்தான். இன்ஜினில் கோளாறு ஒன்றுமில்லை. எழுபது ஆண்டு டீசல் அனுபவம் உள்ள ஊரில், மூடியைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் மூடிவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் லாரி சேஸிஸ் கடைசியில் கைவைத்த இடமெல்லாம் உதிர்ந்தது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்கவில்லை. பழைய இரும்புக்குப் போட்டோம். இன்ஜினை மட்டும் மண்டபத்து விசைப்படகுக்காரர் ஒருவர், ஓடவிட்டு அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிப்போனார்.