உளவியல் ஹானர்ஸ் படிப்பில் புள்ளியியல் எதற்கு?

ஹானர்ஸ் என்பது ஒரு பாடத்தை ஆழமாகப் படித்து, பெரும்பாலும் கடைசி ஆண்டில் சொந்தமாக ஆய்வும் செய்து வாங்கும் பட்டம். உளவியலில் பலரை மிரட்டுவது புள்ளியியல்தான். காரணம் எளிது: மனதை நேரடியாகப் பார்க்க முடியாது. நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலை ஊகிக்கலாம்; ஆனால் தெர்மாமீட்டர் சொன்னால்தான் நம்புவோம். ‘தூக்கம் குறைந்தால் மறதி கூடும்’ என்று யாரும் சொல்லிவிடலாம். எத்தனை பேரிடம், எப்படி அளந்தார்கள், தற்செயலாக வந்த வித்தியாசமா என்று பார்க்கத்தான் கணக்கு. 1879-ல் வில்ஹெல்ம் வுண்ட் என்ற அறிஞர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வகம் தொடங்கியதிலிருந்தே உளவியல் அளந்து பார்க்கும் துறைதான். சரி, கணக்கில் புலியாக வேண்டுமா? வேண்டாம், கணினி போட்டுவிடும், விடைக்கு அர்த்தம் சொல்வதுதான் உங்கள் வேலை.

அப்புறம், இந்தப் பட்டம் கிடைத்ததும் சிகிச்சை அளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அதற்கு மேற்படிப்பும், மேற்பார்வையில் பயிற்சியும் தேவை.