கட்சிப் பெயரை மறைக்கலாமா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாநில சட்டசபைத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். அவர் தோற்றுவிட்டார். கல்லூரி விண்ணப்பத்தைப் படிப்பவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால்? ‘சமூக சேவை’ என்று பொதுவாகப் போட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கூடாது. ‘இதில் உள்ளதெல்லாம் உண்மை’ என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடப்போவது உங்கள் மகள். அவளைப் பூசி மெழுகப் பழக்காதீர்கள்.

படிப்பவருக்கும் கட்சி இருக்கலாம்தான். ஆனால் 2018 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஃபுளோரிடாவில் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். சஸ்பெண்ட் செய்வோம் என்று சில பள்ளி நிர்வாகங்கள் மிரட்டின. அமைதியாகப் போராடியதற்காகத் தண்டனை பெற்றாலும் சேர்க்கையில் அது பாதகமாகாது என்று எம்.ஐ.டி., யேல் உள்பட பல கல்வி நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவித்தன. அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைவிடச் சூடான கட்சிச் சண்டை எது?

சரி, எப்படி எழுதுவது? பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் ஒரு செயல்பாட்டை விவரிக்க, இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துதான். ‘ஜனநாயகத்தின் மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டு’ என்று ஆரம்பித்தால் செய்த வேலைக்கு இடம் இருக்காது. ‘சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் பிரசாரம், முதியவர்களுக்குத் தபால் ஓட்டு முறையை விளக்கினேன், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி தந்தேன்.’ அவள் செய்தது இதுவானால் இவ்வளவு போதும். அமைப்பின் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, அங்கே உள்ளது உள்ளபடி வரட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரம்தான் என்றால் ஆறு என்றே போடட்டும். வேட்பாளர் தோற்றதைப் பற்றி எந்தக் கட்டத்திலும் கேட்கமாட்டார்கள். நீங்களும் அதை விட்டுவிடுங்கள்.

அதே விண்ணப்பத்தில் எழுத வேண்டிய, 650 சொல்லுக்கு மிகாத கட்டுரைக்கும் இதையே எடுத்துக்கொண்டால், அது கட்சியின் தேர்தல் அறிக்கையாகிவிடக் கூடாது. எதிர்க்கட்சியைத் திட்டுவதும் வேண்டாம். ‘உங்கள் ஆளுக்குப் போடமாட்டேன்’ என்று யாராவது கதவைத் திறந்து சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அவரிடம் அவள் என்ன பேசினாள், அவர் சொன்னதில் எது அவளுக்கு நியாயமாகப் பட்டது, அடுத்த வீட்டுக்குப் போனபோது எதை மாற்றிப் பேசினாள்? கட்டுரை அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் அவளிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இன்று ராத்திரியே கேளுங்கள்.