துக்க வீட்டில் முதலில் யார் பேசுவது?

கேள்வி: இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என் பேராசிரியரின் தந்தை காலமாகி, மறுநாளே அடக்கமும் முடிந்துவிட்டது. வீட்டில் ‘ஷிவா’ இருக்கிறார்களாம். பூ வாங்கிப் போகலாமா? போய் என்ன சொல்வது?

பதில்: அவசியம் போங்கள், அம்மா. ஷிவா என்பது யூதர்கள் துக்கம் காக்கும் வழக்கம். எபிரேயத்தில் ஷிவா என்றால் ஏழு. அடக்கத்திலிருந்து 7 நாள் வீட்டார் வெளியே போகாமல் இருப்பதே நான்கு பேர் வந்து உடன் உட்காரட்டும் என்றுதான். வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை ஓய்வுநாள். அப்போது மட்டும் போக வேண்டாம்.

பூ வேண்டாம். கல்லறையில்கூட அவர்கள் வைப்பது சிறு கல்தான். கோஷர் என்ற யூத உணவு விதி பார்க்கும் வீடாக இருக்கலாம் என்பதால் சமைத்து எடுத்துப் போகாதீர்கள், பழம் போதும்.

மரபைக் கடைப்பிடிக்கும் வீடானால் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருப்பார்கள். பேராசிரியர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சட்டை இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே கிழிந்திருக்கும். பெற்றவர்களுக்காகக் கிழித்துக்கொண்டது அது. திடுக்கிடாதீர்கள்.

அவராக வாய் திறக்கும் வரை ஒன்றும் பேசாதீர்கள். வணக்கம்கூட வேண்டாம். துயரத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்கிறது பைபிள். அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் கொடுக்கும் முதல் உணவில் முட்டையோ, மைசூர்ப் பருப்பு வகைப் பயறோ இருக்கும். மற்றப் பயறுகளில் வாய் போல ஒரு கீறல் உண்டு, இதற்கு இல்லை. துக்கப்படுகிறவருக்கும் வாய் இல்லை என்கிறது யூதர்களின் பழைய சமய நூலான தல்மூத். அந்த ஒரு வரிக்காகவே இந்த மரபின் மேல் எனக்குத் தனி மரியாதை.

அவர் பேசத் தொடங்கினால் தந்தையைப் பற்றிக் கேளுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘கல்யாணச் சாவு’ என்ற பொருளில் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

பிரார்த்தனை நடந்தால், மற்றவர்கள் எழும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள். மகன் சொல்லும் ‘காதிஷ்’ என்ற பிரார்த்தனை அரமேயம் என்ற பழைய மொழியில் இருக்கும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்க இறைவனின் புகழ்தான். தனியாகச் சொல்ல முடியாது, 10 பேர் கூட வேண்டும். பெற்றவர்களுக்காக 11 மாதம், காலையும் மாலையும் கூட்டுப் பிரார்த்தனைக்குப் போய்ச் சொல்வார்கள். இனி அவர் காலையில் தாமதமாக வந்தாலும், மாலையில் அவசரமாகக் கிளம்பினாலும் காரணம் உங்களுக்குத் தெரியும்.

நாம் துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம். அங்கே, ‘சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிறவர்களோடு இறைவன் உங்களையும் தேற்றுவாராக’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். எபிரேயத்தில் சொல்ல வராவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

எபிரேய நாட்காட்டியில் அவர் இறந்த தேதியைக் குறித்துவையுங்கள். நம் திதி போல அது ஆங்கிலத் தேதியில் மாறி மாறி வரும். அடுத்த ஆண்டு அந்த நாளில் அவர் வீட்டில் 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அன்றைக்கு இரண்டு வார்த்தை விசாரியுங்கள்.